வீட்டுச் சுவரில் இருக்கும் படம் எப்படி வீட்டு ஆளாகிறது?

போகிக்கு நாலைந்து நாள் முன்பே மன்னார்குடிப் பக்கத்து வீடுகளில் சுவர்கள் காலியாகிவிடும். வெள்ளையடிக்க வேண்டுமென்றால் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்கள் எல்லாம் கீழே இறங்கியாக வேண்டும். எங்கள் வீட்டில் அவற்றைத் தாழ்வாரத்தில் பாய் விரித்து வரிசையாகச் சாய்த்து வைப்போம். மகாலட்சுமி, வெண்ணெய்க் குடத்தோடு கிருஷ்ணன், தாத்தாவின் போட்டோ, அப்பா அம்மாவின் கல்யாணப் படம், வேளாங்கண்ணி மாதா, அத்தை பள்ளிக்கூடத்தில் படித்தபோது கண்ணாடியில் வரைந்த மயில். சின்னப் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பார்கள். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பழைய வேட்டித் துணியால் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், பிறகு காய்ந்த செய்தித்தாளால் ஒருமுறை. கறை போகவில்லையென்றால் ஒரு சிட்டிகை விபூதி. துடைத்து முடித்ததும் அம்மா நாலு மூலையிலும் நடுவிலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பார்.

ஆண்டு முழுக்க அண்ணாந்து பார்த்த படங்கள் அன்று ஒருநாள் மடிக்கு வரும். அவற்றின் எடை தெரியும். பின்பக்கத்துப் பலகையின் வாசனை தெரியும். எந்தச் சட்டத்தின் எந்த மூலை லேசாக ஆடுகிறது என்பது விரலுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் இருக்கும் ஒரு படத்தோடு, பொம்மையோடு, விளக்கோடு நமக்கு உண்டாகிற மனப்பிணைப்பு என்றால் என்ன, அது எப்படி உண்டாகிறது என்பதை எளிமையாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ‘படம் அழகாக இருக்கிறது, அதனால் பிடித்துப்போகிறது’ என்றுதான் பலரும் நினைக்கிறோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அழகு படத்தை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு நடப்பது வேறு.

ஒரே படம், ஆயிரம் வீடு

டெல்டாவில் வீட்டுக் கலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது தஞ்சாவூர் ஓவியம்தான். 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில், அதிலும் இரண்டாம் சரபோஜி (1798–1832) ஆட்சியில் இந்தக் கலை தழைத்தது. பழைய முறையில் பலாப் பலகை எடுத்து, அதன்மேல் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து பூசித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். நகை, தூண், திரைச்சீலை வரும் இடங்களில் அதே கலவையால் மேடு எழுப்பிக் கல் பதிப்பார்கள். மேட்டின் மேல் தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு, ஒட்டுவார்கள். இப்போது பெரும்பாலும் பிளைவுட் பலகைதான், ஆனாலும் வேலையின் வரிசை அதேதான். இந்த மேட்டுக்கும் தங்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பழைய வீட்டுப் பூஜை அறையில் வெளிச்சம் குறைவு. எண்ணெய் விளக்கின் சுடர் அசையும்போது மேட்டிலிருக்கும் தங்கமும் சேர்ந்து அசையும். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ‘ரொம்ப மினுக்குகிறதே’ என்று சொல்பவர்கள் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லா வீட்டிலுமா தங்க ரேக்கு ஓவியம் இருந்தது? வசதியுள்ள வீடுகளில்தான் இருந்தது. மற்ற வீடுகளுக்குச் சாமி படம் வந்தது அச்சு வழியாக. 1894இல் பம்பாயில் ராஜா ரவிவர்மா அச்சகம் தொடங்கினார். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் சிவகாசி காலண்டர்கள் வந்தன. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுச் சுவர்களில் தொங்கியிருக்கும் என்று கணக்கே கிடையாது. ஜவுளிக்கடையிலோ நகைக்கடையிலோ கொடுத்த காலண்டரில் தேதிக்கட்டு தீர்ந்த பிறகு, மேலே இருக்கும் படத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டு மகாலட்சுமி அப்படி வந்தவள்தான். உற்றுப் பார்த்தால் கீழே கடைப்பெயரின் கடைசி இரண்டு எழுத்து இன்னும் இருக்கிறது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். அதே அச்சு, அதே நிறம், அதே தாமரை. தெருவில் பத்து வீட்டில் அந்த லட்சுமி இருந்தாள். ஆனாலும் ‘எங்க வீட்டு லட்சுமி’ என்றுதான் சொல்வோம். பக்கத்து வீட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு நம் படத்தைக் கொடு என்றால் மனசு ஒப்பாது. பிணைப்பு படத்துக்குள்ளேயே இருந்திருந்தால் மாற்றிக்கொள்வதில் என்ன கஷ்டம்? படத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஏதோ வளர்ந்திருக்கிறது. அதைத்தான் பிணைப்பு என்கிறோம்.

ஆராய்ச்சியாளர்கள் என்ன பார்த்தார்கள்

உளவியலில் இதைப் பல பக்கத்திலிருந்து தொட்டிருக்கிறார்கள். மூன்று நான்கு விஷயங்கள் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

1968இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர், ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே அதன்மேல் விருப்பத்தை உண்டாக்கும் என்று சோதனை செய்து காட்டினார். அர்த்தமில்லாத சொல், புரியாத எழுத்து, முன்பின் அறியாத முகம், எதுவாக இருந்தாலும் அதிகம் கண்ணில் பட்டது அதிகம் பிடித்தது. பிறகு ஜேம்ஸ் கட்டிங் என்பவர் தம் வகுப்பு மாணவர்களுக்கு அதிகம் புகழ்பெறாத பிரெஞ்சு ஓவியங்களை அடிக்கடி காட்டினார். அவற்றின் மேல் அவர்களுக்கு ஒட்டுதல் கூடியது. அப்படியென்றால் எதை மாட்டினாலும் பிடித்துவிடுமா? இல்லை. 2013இல் வந்த ஓர் ஆய்வில், தரம் குறைந்தவை என்று விமர்சகர்கள் ஒதுக்கிய படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியபோது பிடிப்பு குறைந்துதான் போனது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்ற பழமொழி அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

இன்னொன்று உடைமை பற்றியது. 1990இல் கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வில் சிலருக்குக் காப்பிக் கோப்பை கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. கையில் கோப்பை இருப்பவர் அதை விற்கக் கேட்ட விலை, இல்லாதவர் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே இப்படி என்றால், நாற்பது வருடம் சுவரில் இருந்த படத்துக்கு என்ன சொல்வது? பழைய சாமான் எடுக்க வருகிறவர்கள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்து “அந்தப் படத்த குடுக்கிறீங்களாம்மா?” என்று கேட்டால், கொடுக்கவே எண்ணமில்லாத ஒரு விலையைச் சொல்லி அனுப்பிவிடுகிற பெண்களை எனக்குத் தெரியும்.

எனக்கு மிக நெருக்கமானது மூன்றாவது ஆய்வு. 1970களில் மிகாய் சிக்சென்ட்மிகாயும் யூஜின் ராக்பெர்க்-ஹால்டனும் சிகாகோ வட்டாரத்தில் 82 குடும்பங்களின் வீடுகளுக்கே போய் 315 பேரிடம் பேசினார்கள். ‘உங்கள் வீட்டில் உங்களுக்கு முக்கியமான பொருள் எது, ஏன்?’ இதுதான் கேள்வி. வீட்டுக்கு வீடு மூன்று தலைமுறையிடமும் கேட்டார்கள். படங்களை, சிற்பங்களைச் சொன்னவர்கள் நிறையப் பேர். ஆனால் காரணம் கேட்டால் நிறத்தையும் வரைந்த திறத்தையும் சொன்னவர்கள் குறைவு. அம்மா கொடுத்தது, நண்பர் வரைந்தது, அந்த ஊருக்குப் போனபோது வாங்கியது என்று நினைவையும் உறவையும்தான் அதிகம் சொன்னார்கள். சிகாகோவில் கேட்டது மன்னார்குடியில் கேட்டது போலவே இருக்கிறது.

2012இல் நியூயார்க்கில் நடந்த மூளை ஆய்வு ஒன்றும் உண்டு. ஓவியங்களைக் காட்டி, எது உங்களை எவ்வளவு அசைக்கிறது என்று கேட்டார்கள். ஒருவரை உருக வைத்தது இன்னொருவரைத் தொடவே இல்லை. ஆனால் யாராக இருந்தாலும், அவரை மிக ஆழமாகத் தொட்ட ஓவியத்தைப் பார்க்கும்போது மட்டும், தன்னைப் பற்றி நினைக்கையில் வேலை செய்கிற மூளைப் பகுதிகளும் சேர்ந்துகொண்டன. படத்தைப் பார்க்கிறோம், கூடவே நம்மையும் பார்க்கிறோம்.

இந்த ஆய்வுகளையெல்லாம் நான் மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலும் இவை கண்ணைப் பற்றியும் நினைவைப் பற்றியும் பேசுகின்றன. எங்கள் ஊரில் நான் பார்த்த வரைக்கும் பிணைப்பு வளர்வது கையில்.

கை செய்கிற வேலை

கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் சாணி தெளித்து, அரிசி மாவால் புள்ளி வைத்து, சிக்குக் கோலத்தின் வளைவை எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து சேர்க்கிற அந்தக் கலைக்கு ஆயுள் அரை நாள். பால்காரர் சைக்கிள் ஏறும், எறும்பு மாவை இழுக்கும், வெயில் ஏறினால் பாதி இல்லை. வைத்திருக்க ஒன்றுமில்லை, விற்க ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் ஒன்றுமில்லை. ஆனாலும் மார்கழியில் சாணி உருண்டையில் பூசணிப் பூ செருகி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற பெண்ணுக்கு அந்தக் கோலத்தோடு இருக்கிற ஒட்டுதல் எந்த ஓவியத்தோடும் இருப்பதற்குக் குறைந்ததில்லை. என் அம்மாவுக்கு இப்போது குனிய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, நான் போடுவதைப் பார்க்கும்போது அவருடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து லேசாக உரசிக்கொண்டே இருக்கும். மாவே இல்லாமல் அவர் கை கோலம் போடுகிறது.

பொருள் எதுவும் மிஞ்சாத இடத்திலும் பிணைப்பு இருக்கிறதென்றால், அது பொருளை வைத்துக்கொள்வதால் வருவதில்லை, நாள்தோறும் செய்வதால் வருகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்க்கிற நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் அப்படித்தான். உச்சியில் இருக்கும் அன்னத்தின் அலகு வருடக்கணக்கில் விரல்பட்டு மழுங்கியிருக்கும். வார்த்தவர் கொடுத்த வடிவத்தின் மேல் வீட்டுப் பெண்கள் இரண்டாவதாக ஒரு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீட்டில் ஒவ்வொரு பொம்மையையும் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, மறு வருடம் பிரிக்கும்போது யார் எந்தப் பொம்மையைப் பிரிப்பது என்று அக்கா தங்கைக்குள் சண்டை வரும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையையும் சொல்ல வேண்டும். அடியில் களிமண் கனம், மேலே இலேசான கூடு. தள்ளினால் சாய்ந்து திரும்ப நிமிரும். தள்ளத் தள்ளத்தான் அது பொம்மை. தொடாமல் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டால் அதற்கு வேலையே இல்லை.

வீடு மாறும்போது நம்மவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கட்டிலும் பீரோவும் பின்னால்தான். முதலில் வாசல்படி தாண்டிப் போவது சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, பருப்பு. படத்தை யார் கையில் ஏந்திப் போவது என்பதற்கே வீட்டில் ஒரு முறை உண்டு. திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போன டெல்டா குடும்பங்கள் பத்துக்குப் பத்து அறைக்குள்ளும் அப்படித்தான் நுழைகின்றன. படம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த அறை வீடாகிறது.

கிருஷ்ணனின் கால்

எங்கள் வீட்டுக் கிருஷ்ணனைப் பற்றிச் சொல்லாமல் இது முழுமையாகாது. இரண்டடிக்கு ஒன்றரை அடி, தேக்குச் சட்டம். கொழுகொழுவென்று உட்கார்ந்து ஒரு கையால் வெண்ணெய்க் குடத்தை அணைத்திருக்கும் கிருஷ்ணன். அப்பாயி கல்யாணமாகி வந்தபோதே கூடத்தில் இருந்த படம். தங்கம் மங்கிச் செம்பு நிறமாகத் தெரியும். கண்ணாடியின் கீழ்மூலை விளக்குப் புகையில் பழுப்பேறியிருந்தது. காலில் போட்டிருந்த தண்டையில் ஒரு கல் இல்லை. கல் இருந்த இடத்தில் உளுந்து அளவுக்கு ஒரு பள்ளம். என் அப்பாவுக்கு ஐந்து வயது இருக்கும்போது கண்ணாடி விரிசல் விட்டுக் கழற்றி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் நகத்தால் நோண்டி எடுத்த கல் அது. எடுத்ததை எங்கே போட்டார் என்று கடைசிவரை தெரியவில்லை. பங்குனியில் மன்னார்குடி ராஜகோபாலன் வெண்ணெய்த்தாழிக்குப் புறப்படும் நாளில், சனங்கள் சாமி மேல் வெண்ணெய் வீசுவார்களே, அதைப் பார்த்துவிட்டு வந்ததும் அப்பாயி இந்தக் கதையை ஒருதடவையாவது சொல்லிவிடுவார். கண்ணாடி மேல் அந்தப் பள்ளம் இருக்கிற இடத்தில் விரல் வைத்துத்தான் சொல்வார்.

படம் பொரிந்து உதிர ஆரம்பித்தது. சுவர் ஓதம் காரணம். அப்பா நல்லெண்ணத்தோடுதான் செப்பனிடக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து வந்தது. புது ரேக்கு பளபளத்தது, முகத்துக்குப் புது வெள்ளை, தண்டையில் எல்லாக் கல்லும் வரிசையாக. வேலையில் குறை சொல்ல முடியாது. அப்பாயி கிட்டே போய்ப் பார்த்தார். பழக்கத்தில் கண்ணாடி மேல் விரலைக் கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“என்னய்யா இது, வேற யாரு வூட்டுப் படத்தையோ மாத்திக் குடுத்துட்டாங்க போலருக்கே.”

அப்பா எவ்வளவோ சொன்னார். அப்பாயி மறுக்கவில்லை, ஆனால் ஒப்பவும் இல்லை. விளக்கேற்றுவார், பூ வைப்பார், முன்பு போல நின்று பேச மாட்டார்.

படத்தைச் சரி செய்வது தப்பு என்று சொல்ல வரவில்லை. கரையானும் ஓதமும் இருக்கிற ஊரில் விட்டுவைத்தால் படமே மிஞ்சாது. ஆனால் கொடுக்கும் முன் ‘உதிர்வதை மட்டும் நிறுத்திக் கொடுங்கள், பழைய ரேக்கை மாற்ற வேண்டாம், இந்த இடத்தில் கல் வைக்க வேண்டாம்’ என்று சொல்லலாம் என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் அப்பாயியின் விரலுக்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

வீட்டில் படம் வைத்திருப்பவர்களுக்கு

பலகை ஓவியத்தை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. கண்ணாடியைத் துடைக்கலாம், ஓவியத்தை அல்ல. சுண்ணாம்பும் பசையும் கலந்த அடிப்பூச்சு தண்ணீர் பட்டால் இளகிவிடும். மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற சுவரில் மாட்டாதீர்கள், வேறு இடமில்லையென்றால் சட்டத்துக்குப் பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்துச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக விடுங்கள். விளக்கை நேர் கீழே வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தால் புகை படியாது.

2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டுக் கூரைகளைப் பிரித்துப் போட்டதற்கு மறுநாள், உறவினர் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலின் மேல் நனைந்த போட்டோக்களைப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தேன். நெல் மூட்டையை அப்புறம்தான் பிரித்தார்கள். நனைந்த போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு சேர்த்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

புதிதாகப் படம் வாங்குகிறவர்கள் கேட்பது, எந்தப் படம் வாங்கலாம் என்று. எதை வாங்கினாலும், தினமும் நடந்து போகிற வழியில், கை எட்டுகிற உயரத்தில் மாட்டுங்கள். வரவேற்பறை சோபாவுக்குப் பின்னால் மாட்டினால் வருகிறவர்கள்தான் பார்ப்பார்கள், நீங்கள் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பீர்கள். துடைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எங்கே வாங்கியது, யார் கொடுத்தது, என்ன நடந்தது என்பதைப் பின்பக்க அட்டையில் எழுதி வையுங்கள். பாகப்பிரிவினையில் நிலத்தை அளந்துவிடலாம், பாத்திரத்தை நிறுத்துவிடலாம். படத்துக்குள் இருக்கிற கதை எழுதாவிட்டால் யார் பங்குக்கும் வராது.

அப்பாயிக்கு அந்தப் படத்தோடு மறுபடி ஒட்டுதல் வந்ததா என்றால், வந்தது. அதற்கு மூன்று போகி ஆனது. வெள்ளிக்கு வெள்ளி துடைத்துத் துடைத்து, சந்தனம் வைத்து வைத்து, ஒருநாள் வந்திருந்த சம்பந்தி வீட்டாரிடம் அப்பாயி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: “இந்தக் கால்லதான் ஒரு கல்லு இல்லாம இருந்துச்சு.” விரல் கண்ணாடி மேல் இருந்தது.

அப்பாயி போய் ஆறு வருடமாகிறது. போன போகிக்குப் படத்தை இறக்கியபோது என் மகள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “எந்தக் கால்மா?” என்று கேட்டாள். நான் வலது கால் என்றேன். திண்ணையில் இருந்த அப்பா இடது கால் என்றார். படத்தில் இரண்டு காலிலும் கல் நிறைந்திருந்தது. பழைய போட்டோக்களில் தேடினோம். அப்பாயி நிற்கிற ஒரு போட்டோவில் பின்னால் அந்தப் படம் இருக்கிறது, ஆனால் காலை அப்பாயியின் தோள் மறைத்துவிட்டது.

அப்பா எழுந்து வந்து, மகளிடம் பென்சில் வாங்கி, படத்தைத் திருப்பிப் பின்பலகையில் எழுதினார்: ‘இடது கால் தண்டையில் ஒரு கல். எடுத்தது நான்.’